தையல் மெஷின் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் கூலி ஒரு பக்கம், "நாளைக்கு வாங்க" என்ற பதில் இன்னொரு பக்கம். வீட்டிலேயே ஒரு தையல் மெஷின் இருந்தால் நல்லது என்று பலரும் நினைப்பது இதனால்தான். அக்கம்பக்கத்தினருக்குத் தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்ற கணக்கும் உண்டு.

ஆனால் ஆசையாக வாங்கிய மெஷின் சில மாதங்களிலேயே மூலையில் கிடப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. தைக்கும் துணிக்கும் வாங்கிய மெஷினுக்கும் பொருந்தாததுதான் காரணம்.

என்ன தைக்கப் போறீங்க?

விலையைக் கேட்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

பிளவுஸ், பாவாடை, நைட்டி, தலையணை உறை என்றால் நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு நிற கால்மிதி மெஷினே போதும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. உதிரி பாகங்கள் எளிதாகக் கிடைக்கும். பின்னாளில் மோட்டாரும் பொருத்திக்கொள்ளலாம்.

துணி ஓரம் பிரியாமல் அடிக்க, காஜா போட, டீ-சர்ட், லெக்கிங்ஸ் போன்ற இழுபடும் துணி தைக்க ஜிக்ஜாக் வசதி தேவை. மேஜை மேல் வைக்கும் ஜிக்ஜாக் மெஷின்கள் இதற்கு ஏற்றவை. நூற்றுக்கணக்கான டிசைன் இருப்பதாகச் சொல்லி அதிக விலை மாடலைக் காட்டுவார்கள். வீட்டில் தினமும் பயன்படுவது நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா உள்ளிட்ட நாலைந்துதான்.

நாள் முழுக்கத் தைத்துச் சம்பாதிக்கப் போகிறவர்களுக்குப் பவர் மெஷின் சரி. நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 தையல் வரை ஓடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த வேகம் கைக்கு அடங்காது. வாங்கினால் சர்வோ மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார், தைக்காத நேரத்திலும் சத்தத்தோடு ஓடி கரண்டை இழுக்கும்.

விலை குறைந்த மினி மெஷின் வாங்கலாமா?

ஸ்டேப்லர் போலக் கையில் பிடித்துத் தைக்கும் மெஷின்கள் ஒரே நூலில் சங்கிலித் தையல் போடுபவை. நூலின் நுனியை இழுத்தால் மொத்தத் தையலும் பிரிந்துவிடும். அவசரத்துக்கு ஓரம் அடிக்கலாமே தவிர, உடுத்தும் துணிக்கு ஆகாது.

பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின்கள் மெல்லிய துணியைத் தைக்கும். ஜீன்ஸ் மடிப்பு, பிளவுஸ் அக்குள் பகுதி போன்ற தடிமனான இடங்களில் திணறி நின்றுவிடும்.

குவில்ட் தைக்க என்ன வேண்டும்?

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். பழைய காட்டன் சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கும் இதே கணக்குதான்.

சாதாரண மெஷினில் ஊசிக்குக் கீழே உள்ள பல், அடித்துணியை மட்டும்தான் நகர்த்தும். அடுக்குகள் கூடும்போது மேல்துணி பின்தங்கி சுருக்கம் விழும். இதைத் தடுக்க 'வாக்கிங் ஃபுட்' என்ற பாதம் உதவும். அது மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். உங்கள் மாடலுக்கு அது கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

வளைவு வளைவாகப் பூ டிசைன் போட வேண்டுமானால், பல்லைக் கீழே இறக்கும் வசதி வேண்டும். ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் பெரிய போர்வையைச் சுருட்டி உள்ளே நுழைப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட மெஷினில் சின்னச் சின்னக் கட்டமாகத் தைத்து, கடைசியில் இணைத்துக்கொள்ளலாம்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

கடைக்காரர் தரும் விறைப்பான துணியில் எல்லா மெஷினும் அழகாகத் தைக்கும். அதனால் வீட்டிலிருந்தே மூன்று துண்டுகள் கொண்டு போங்கள்: மெல்லிய சேலைத் துணி, பிளவுஸ் பிட், நான்காக மடித்த ஜீன்ஸ்.

* மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என ஊசியை மாற்றித் தைக்கச் சொல்லுங்கள்.
* தைத்த துணியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நூல் கொசகொசவென்று வளையமாகத் தொங்கினால், மேல்நூல் டென்ஷன் தளர்வாக இருக்கலாம், அல்லது நூல் சரியாகக் கோக்கப்படாமல் இருக்கலாம். சரிசெய்த பிறகும் அப்படியே இருந்தால் அந்த மெஷின் வேண்டாம்.
* பாபினை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். எங்கும் சிக்காமல் சுற்ற வேண்டும். பிடித்து ஆட்டினால் சக்கரம் லொட லொடவென்று ஆடக் கூடாது. ஊசி, தகட்டில் உள்ள துளையின் ஓரத்தில் உரசாமல் இறங்க வேண்டும்.

வெளிநாட்டு மெஷின் என்றால்?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கொண்டு வருவதாகச் சொன்னால் வோல்டேஜைக் கேளுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். நேராகச் சொருகினால் மோட்டார் கருகிவிடும்.

அரசு உதவி கிடைக்குமா?

தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தில் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். வயது, வருமான வரம்பு விவரங்களை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. தகுதி பெறும் தையல் கலைஞர்களுக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி உண்டு.

கடைசியாக ஒன்று

பணம் கட்டும் முன், "ரிப்பேர் ஆனால் யார் வந்து பார்ப்பார்கள்? ஊசி, பாபின் இதே ஊரில் கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஆன்லைனில் 500 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, சர்வீஸுக்கு வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவதில் லாபமில்லை. சீரியல் நம்பர் எழுதிய பில்லையும் வாரண்டி கார்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.