சர்வரின் டே புக்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்தபோது குடும்பம் ஊரிலேயே தங்கிவிட்டது. ராத்திரிகளை ஓட்ட வேண்டுமே! மாத வாடகைக்கு ஒரு குட்டி லினக்ஸ் சர்வர் எடுத்து, அப்பாச்சியை ஏற்றி, ஊர்ப் படங்களைப் போட்டு வைத்தேன். பி.காம் படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டாகிவிட்டது.

முதல் வாரமே பயந்துவிட்டேன். கறுப்புத் திரையில் 'டெயில் மைனஸ் எஃப்' அடித்து அக்சஸ் லாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன் (புதிதாக எழுதப்படும் வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழும்). என்னிடம் வேர்ட்பிரஸ்ஸே கிடையாது. ஆனால் அதன் லாகின் பக்கத்தை யாரோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணினித் துறையில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, இது எல்லா சர்வருக்கும் வர்றதுதான். 404-ன்னு இருக்கிற வரைக்கும் தூங்குங்க. 200-ன்னு வந்தா கூப்பிடுங்க."

வங்கி பாஷையில் 404 என்றால் 'அப்படி ஒரு கணக்கே நம் கிளையில் இல்லை'. 200 என்றால் பட்டுவாடா ஆகிவிட்டது.

தூக்கம் வராமல் இந்த லாகின் பூர்வீகத்தைத் தேடினேன். ஒரு வரியில் முதலில் ஏழு கட்டங்கள்: வந்தவரின் முகவரி, அடையாளம், பயனர் பெயர், நேரம், கேட்ட பக்கம், பதில் எண், அனுப்பிய பைட். 1993-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் காலத்து வடிவம் இது. 1994-இல் அவர் அங்கிருந்து விலக, சர்வர் அனாதையானது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒட்டுகளைச் சேர்த்துத்தான் 1995 ஏப்ரலில் அப்பாச்சி வெளிவந்தது. இன்றும் அதே ஏழு கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் எப்போதும் ஒரு கோடுதான். நிரப்ப ஆளில்லை, எடுத்துவிடவும் மனசில்லை. எங்கள் வவுச்சர்களிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு!

இந்த லாகின் அருமை ஊருக்கெல்லாம் தெரிந்தது 2001 ஜூலையில். 'கோட் ரெட்' என்ற புழு மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். சர்வரில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தது. 'டீஃபால்ட் டாட் ஐ.டி.ஏ.' என்ற பக்கத்தைக் கேட்டு, பின்னால் என் என்ற ஆங்கில எழுத்தை வரிசையாக நிரப்பி அனுப்பும். அவ்வளவு நீளத்தை அந்த நிரல் தாங்காது. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகள் விழுந்தன. வெள்ளை மாளிகையின் தளத்தைத் திணறடிப்பதும் அதன் திட்டத்தில் இருந்தது. அவர்கள் முகவரி எண்ணை மாற்றித் தப்பித்தார்கள்.

ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே, ஜூன் 18 அன்றே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. விண்டோஸ் 2000 சர்வரை நிறுவும்போதே ஐ.ஐ.எஸ்.ஸும் சேர்ந்து வந்துவிடும். தன் கணினியில் ஒரு வலை சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாத சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர். புழு வட்டில் கோப்பு எதையும் வைக்கவில்லை, நினைவகத்திலேயே குடியிருந்தது. அணைத்துப் போட்டால் போய்விடும். மருந்து போடாவிட்டால் மறுபடி வரும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அப்பாச்சியை இந்தப் புழு ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் வந்து கதவைத் தட்டியது. தட்டிய ஒவ்வொரு தடவையும் 404 வாங்கிக்கொண்டு, தன் முகவரியை முதல் கட்டத்தில் எழுதிவைத்துப் போனது. அப்பாச்சி வைத்திருந்தவர்கள் 'கிரெப்' கட்டளையில் அந்தப் பக்கத்தின் பெயரைக் கொடுத்தால் போதும், நோய் பிடித்த கணினிகளின் பட்டியல் கைக்கு வரும். கெட்டுப்போன கணக்குகளின் விவரம், கெடாத கிளையின் டே புக்கில்! (இந்த கிரெப் 1973 வாக்கில் கென் தாம்சன் எழுதியது. என்னைவிட வயதில் மூத்தது, மரியாதையாகத்தான் தட்டச்சு செய்கிறேன்.) ஆகஸ்ட் 4 அன்று வந்த இரண்டாவது புழுவில் என் எழுத்துக்குப் பதில் எக்ஸ். அது உள்ளே புகுந்ததும் ஒரு பின்வாசலையும் திறந்து வைத்தது. இரண்டும் வெவ்வேறு என்பது லாகில் ஒரு எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இப்போது படுக்கப் போகும்முன் ஐந்து நிமிடம் லாகைப் பார்க்கிறேன். நேற்று வழக்கமான 404 கூட்டத்துக்கு நடுவே நாலைந்து 200. தெப்பக்குளம் படத்தை யாரோ திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முகவரியைப் பார்த்தேன், எங்கள் வீட்டு பிராட்பேண்ட்.