தோண்டும் உரிமையும் மூடும் கடமையும்

பத்திரிகை அலுவலகத்தில் வாசகர் கடிதங்களைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்தவர்களுக்கு நன்கு பழக்கமான முறைப்பாடு ஒன்றுண்டு. ஒழுங்கையின் முடிவிலே புதிய தொடர்மாடிக் கட்டடம் ஒன்று எழும்பும். அதற்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கொண்டுசெல்வதற்காக ஒழுங்கை நெடுகிலும் வெட்டப்படும். குழாய் புதைக்கப்பட்டதும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மழையோடு மண் தாழ்ந்து குழியாகிவிடும். உள்ளூராட்சி சபையிடம் கேட்டால், “அது தனியார் வீதி” என்ற பதில் கிடைக்கும். கட்டியவரைத் தேடிச் சென்றால், வீடுகளை விற்றுமுடித்து அவர் வேறிடம் போயிருப்பார்.

இத்தகைய கடிதங்கள் பலவற்றை நான் வாசித்திருக்கிறேன். எழுதுபவர்கள் பெரும்பாலும் இதனை இன்றைய நகர வளர்ச்சி கொண்டுவந்த புதிய தொல்லையாகவே கருதுவர். உண்மையில் இது மிகப் பழைய வழக்கு. அதற்கான தீர்ப்பும் பழையதே. அத்தீர்ப்பு நமது நாட்டுச் சட்டத்தின் மூலவேர்களில் ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது என்பதுதான் பலரும் அறியாத செய்தி.

பண்டைய உரோம நகரில் ஒருவரது வீட்டுக் கழிவுநீர் வாய்க்கால் அயலவரின் நிலத்தின் கீழாகச் செல்வது சாதாரணம். வாய்க்கால் அடைபட்டால் நகரின் சுகாதாரமே கெடும். ஆகவே, அதனைத் துப்புரவு செய்யவும் திருத்தவும் முற்படுபவரை எவரும் தடுக்கலாகாது என்று உரோம நீதிபதி கட்டளை பிறப்பித்தார். தேவையாயின் அயலவரின் தளத்தைக்கூடப் பெயர்க்கலாம். ஆனால், இதற்கு மறுபக்கம் ஒன்றிருந்தது. அயலவரின் வேலையால் தமக்குக் கேடு விளையக்கூடும் என்று அஞ்சுபவர், கேடு நிகழுமுன்னரே அவரிடம் உத்தரவாதம் கோரிப் பெறலாம். அப்படியானால், வாய்க்காலுக்காகத் தளத்தைப் பெயர்த்தவர் அந்த உத்தரவாதத்தின்படி நட்டஈடு செலுத்த வேண்டி நேருமா? இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பொம்போனியஸ் எழுப்பிய இந்த ஐயத்தை உல்பியன் தமது நூலில் எடுத்துக்கூறுகிறார். திருத்த வேலைக்காகக் குலைத்ததை மீண்டும் பழையபடி அமைத்துக் கொடுக்க ஆயத்தமாக இருந்தால் அவர் நட்டஈட்டுக்கு ஆளாகமாட்டார் என்பதே அங்கு காணப்படும் விடை.

தோண்டுவது குற்றமன்று. தோண்டியதை மூடிச் சீர்செய்ய மறுப்பதே குற்றம். சீர்செய்வது தோண்டியவர் காட்டும் பெருந்தன்மையன்று. தோண்டுவதற்கான உரிமையே அந்த நிபந்தனையோடுதான் பிறக்கிறது.

உல்பியனின் இந்தப் பகுதி, 533ஆம் ஆண்டில் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இடம்பெற்றது. உரோமச் சட்டம் பின்னாளில் ஒல்லாந்து நாட்டில் வேரூன்றி உரோமன்-டச்சுச் சட்டமாயிற்று. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபோது அச்சட்டமும் இங்கு வந்தது. 1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னரும், 1799ஆம் ஆண்டுப் பிரகடனம் நடைமுறையிலிருந்த சட்டங்களைத் தொடரச் செய்தது. பிறர் நிலத்தின்மீது ஒருவருக்குள்ள வழியுரிமை, நீருரிமை ஆகியவற்றை இன்றும் பெரும்பாலும் இச்சட்டமே ஆள்கிறது.

இச்சட்டத்தில் கவனிக்கத்தக்க விடயங்கள் இரண்டு. முதலாவது, நடந்துசெல்லும் உரிமையும் நீர் கொண்டுசெல்லும் உரிமையும் வெவ்வேறானவை. நமது பழைய காணி உறுதிகள் ‘வழி வாய்க்கால்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்கும் பொருளுண்டு. ஒழுங்கையால் போய்வர உரிமை பெற்றவர் அக்காரணத்தால் மட்டும் அதனைத் தோண்டிக் குழாய் புதைக்க உரித்துடையவராகிவிடமாட்டார். இரண்டாவது, எந்த உரிமையையும் நிலச் சொந்தக்காரருக்கு இயன்றவரை குறைந்த இடைஞ்சலோடுதான் பிரயோகிக்க வேண்டும்.

இங்கிலாந்து இதே பாடத்தை வேறு வழியில் கற்றது. 1812இல் இலண்டனில் எரிவாயுக் கம்பனி ஒன்று அரச பட்டயம் பெற்றதன் பின்னர், நகர வீதிகளைக் கம்பனிகள் மாறிமாறித் தோண்டலாயின. 1847ஆம் ஆண்டில் எரிவாயு வேலைகளுக்கும் நீர் வழங்கல் வேலைகளுக்கும் தனித்தனியே இயற்றப்பட்ட சட்டங்கள் இதனை ஒழுங்குபடுத்தின. வெட்டிய வீதியைத் தாமதமின்றிச் சீர்செய்ய வேண்டும். அதன்பின் 3 மாதங்களுக்கு நல்ல நிலையில் பேண வேண்டும். மண் தொடர்ந்து தாழுமாயின் மொத்தம் 12 மாதங்கள் வரை அப்பொறுப்பு நீளும். புதைகுழியின் மண் உடனடியாக இறுகுவதில்லை, மழையும் வண்டிப் போக்குவரத்தும் அதனை மெல்லமெல்லக் கீழிறக்கும் என்பதைச் சட்டமியற்றியோர் அன்றே அறிந்திருந்தனர்.

எனினும், இச்சட்டங்கள் பொது வீதிகளையே கருத்திற் கொண்டன. தனியார் நிலத்தில் குழாய் பதிக்கச் சொந்தக்காரரினதும் குடியிருப்போரினதும் சம்மதம் வேண்டும் என்பதோடு அவை நின்றுவிட்டன. சம்மதம் கொடுப்பவரே நிபந்தனைகளையும் விதிக்க வேண்டியவரானார். புதிய குடியிருப்புகளைக் கட்டியவர்கள் வீதியை அமைக்காமலே விட்டுச்சென்ற அனுபவத்தின் பின்னர், 1951இல் மற்றுமொரு சட்டம் வந்தது. வீதி அமைக்கும் செலவுக்கான பணத்தை அல்லது பிணையைக் கட்டடம் எழும்புமுன்னரே பெற்றுக்கொள்ள அது வழிசெய்தது. வேலைக்குமுன் உத்தரவாதம் என்ற உரோமரின் பழைய யோசனையே இது.

நமது நாட்டில் பொது வீதியொன்றை வெட்டுவதாயின் உரிய அதிகாரசபையின் அனுமதி வேண்டும்; சீர்செய்வதற்கான பணமும் முற்கூட்டியே அறவிடப்படும். தனியார் ஒழுங்கையில் அவ்வாறு காசோலையைக் கையில் வைத்திருப்பவர் எவருமில்லை. குறை சட்டத்தில் இல்லை. தோண்டுமுன் கேட்கவேண்டியதைக் கேட்காமல், தோண்டியபின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதிலேயே குறையிருக்கிறது.

ஒழுங்கைவாசிகள் ஒன்றுகூடி எழுத்தில் பெறவேண்டியவை மூன்று. எந்த ஆழத்தில் வெட்டி, எந்தப் பொருளால், எத்தனை அடுக்குகளாக இறுக்கி மூடுவது என்ற விபரம். ஒரு மாரியாவது கடக்கும் வரையான பராமரிப்புப் பொறுப்பு. அதுவரை மூன்றாமவர் ஒருவரிடம் வைக்கப்படும் பிணைப்பணம். வேலை தொடங்குமுன் ஒழுங்கையின் நிலையைப் படம்பிடித்துத் திகதியிட்டு வைப்பதும் நன்று.

மண்வெட்டி நிலத்தில் விழுமுன்னர் கட்டுபவருக்கு அயலவரின் சம்மதம் தேவைப்படுகிறது. குழாய் புதைந்த பின்னரோ அயலவருக்குத்தான் கட்டுபவரின் தயவு தேவைப்படுகிறது. இந்த இரண்டு நாட்களுக்குமிடையிலான வேறுபாட்டை உரோமர் உணர்ந்திருந்தனர். நாமும் உணர்ந்துகொண்டால் ஒழுங்கைகள் தப்பும்.