ஆசானைத் தேடிய காலமும் ஆசான் வந்த காலமும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீதிகளில் விடியற்காலையில், தோளில் மட்டைப் பையைச் சுமந்து பயிற்சிக்குப் புறப்படும் சிறுவர்களைக் காணும்போதெல்லாம், இவர்களுக்கு முன்னே நடந்த ஆசான்களின் நீண்ட வரிசை என் மனக்கண்ணில் எழுகிறது. கோச் என்ற சொல் நமக்குப் புதிதாயிருக்கலாம். களத்து மண்ணைத் தொட்டு வணங்கி, ஆசானின் காலடி வைப்பைப் பார்த்தே சிலம்பம் பழகிய தலைமுறைகளுக்கு அந்த உறவு புதிதன்று.

1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்தபின், பயிற்றுவிக்கும் வித்தை சாஸ்திரமாகவும் வளர்ந்தது. அவ்வழி வந்தவர்கள் ஊர்ப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாக விசிலும் கையுமாக நின்றபோது, சிஷ்யன் ஆசானைத் தேடிப் போன காலம் மாறி, ஏழைப் பிள்ளை இருக்குமிடத்திற்கு ஆசானே வந்து சேர்ந்தார்.

அதன் பலனைச் சேலம் சீமை கண்ணாரக் கண்டது. பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்தில் அடிபட்டு வலக்கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டத் தூண்டியவர் ஒரு பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அத்திறத்தைச் செதுக்க, காய்கறி விற்ற தாயின் மகன் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனின் சரித்திரமும் அத்தகையதே. டென்னிஸ் பந்தில் ஆடித் திரிந்த அவர், 2015-ல் ரஞ்சிக் கோப்பையில் அடியெடுத்து வைத்தவுடனேயே, பந்து வீசும் முறை குறித்து ஐயம் எழுந்தது. மனம் ஒடிந்து ஊர் திரும்பியிருக்க வேண்டியவர், பயிற்சியாளர்கள் முன்னிலையில் கையை வீசும் விதத்தையே புதிதாகப் பழகி, மட்டையாளரின் கால்விரலருகே இறங்கும் யார்க்கரோடு மீண்டார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். தம்மைக் கைதூக்கிவிட்ட ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘ஜே.பி. நட்டு’ என்றே சட்டையில் பொறித்து ஆடியவர் அவர்.

ஒருவனுக்குச் செய்த உபகாரம் ஊருக்கே திரும்புவது இவ்விதந்தான். நடராஜன் தம் ஊரிலேயே பயிற்சிக்கூடம் அமைத்து, 2023-ல் மைதானமும் திறந்தார். பட்டணம் போக வழியில்லாத பிள்ளைக்கு இன்று சின்னப்பம்பட்டியிலேயே ஆடுகளம் உண்டு. பந்தைப் பிடிக்கும் விரலைத் திருத்திக் கொடுக்க, அதே மண்ணில் புழுதி படிந்து வளர்ந்த ஓர் அண்ணனும் உண்டு.