எம்.ஏ.வுக்கு எத்தனை வருஷம்?

சென்ற நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்த மாமி ஒருவர் சுண்டலை வாங்கிக்கொண்டே என் பேத்தியிடம் கேட்டார்: "நீ இப்ப தேர்ட் இயர்தானே? அடுத்தது எம்.ஏ.வா, இல்லே நாலாவது வருஷமா?" பேத்தி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் படிக்கிற அவளுக்கே விடை தெரியவில்லை என்றால், நாமெல்லாம் எம்மாத்திரம்?

அன்றிரவு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து என் அப்பாவின் பட்டங்களை எடுத்துக் காட்டினேன். இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தவை. ஒன்று பி.ஏ. ஆனர்ஸ், மற்றொன்று எம்.ஏ. இரண்டாவது பட்டத்துக்காக அப்பா ஒரு நாள்கூட வகுப்புக்குப் போனதில்லை, பரீட்சையும் எழுதவில்லை. கட்டணம் கட்டி வாங்கிக்கொண்டார். "கொள்ளுத் தாத்தா காசு கொடுத்தா எம்.ஏ. வாங்கினார்?" என்று பேத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எம்.ஏ.வுக்கு எத்தனை வருஷம் என்ற கேள்வி இன்று நேற்று வந்ததல்ல.

1857ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்ட அவை பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தன. படிப்பெல்லாம் கல்லூரியில்தான். பல்கலைக்கழகங்கள் தாமே ஆசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்த வழி செய்தது 1904ம் வருஷத்துச் சட்டம். அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் கல்கத்தாவின் துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி. முதுகலைப் படிப்பைப் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பில் கொண்டுவந்து, நாடெங்கிலுமிருந்து ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார்.

அப்படி அவர் பிடித்தவர்களில் ஒருவர் நம்மவர். சர் சி.வி. ராமன் 1907ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்தார். படிக்கும்போதே, 1906ல், அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. ஆனால் அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள வழியில்லாததால் நிதி இலாகா உத்தியோகத்துக்குக் கல்கத்தா போனார். பத்து வருஷம் கழித்து, 1917ல், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அந்த உத்தியோகத்தை விட்டு ஆசுதோஷ் அழைத்த பேராசிரியர் பதவியை ஏற்றார். முதுகலைப் படிப்பில் ஒரு சீர்திருத்தம் நடந்திராவிட்டால் அந்த நாற்காலி இருந்திருக்காது.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இண்டர்மீடியட் இரண்டு வருஷம். அதன்பின் சாதாரண பி.ஏ. இரண்டு வருஷம், ஆனர்ஸ் மூன்று வருஷம். ஆனர்ஸில் ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்க வேண்டும், அது எம்.ஏ. தரத்துக்குச் சமம் என்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. எனவே ஆனர்ஸ் முடித்தவர் சில காலம் கழித்துக் கட்டணம் கட்டினால் எம்.ஏ. கிடைக்கும். அப்பா உழைத்தது அந்த மூன்று வருஷத்தில். காசு கொடுத்து வாங்கியது வெறும் காகிதத்தைத்தான். ராமனின் அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் 1930ல் பிரசிடென்சியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, எம்.எஸ்ஸி. என்று தனியாகப் படிக்காமல் நேரே கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1933ல் பிஎச்.டி. வாங்கினார்.

சுதந்திரம் வந்ததும் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. பள்ளி பன்னிரண்டு வருஷம், பட்டம் மூன்று வருஷம். அதன்பின் ஆனர்ஸ் படித்தவருக்கு முதுகலை ஒரே வருஷம், சாதாரணப் பட்டம் பெற்றவருக்கு இரண்டு வருஷம் என்று பரிந்துரைத்தது. இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் நடைமுறையில் நாடு வேறு வழியில் போயிற்று. இண்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது, மூன்று வருஷப் பட்டம் வந்தது, சென்னையின் பழைய ஆனர்ஸ் மறைந்தது. கோத்தாரி குழுவுக்குப்பின் 1968ம் வருஷக் கல்விக் கொள்கை 10+2+3 என்ற ஒரே அமைப்பை நாடெங்கும் கொண்டுவரச் சொன்னது. தமிழ்நாட்டில் 1978ல் பிளஸ் டூ வந்து பி.யு.சி.யும் போயிற்று. முதுகலை எல்லோருக்கும் இரண்டு வருஷம் என்று ஆயிற்று. நம்மில் பெரும்பாலோர் படித்தது இந்த முறையில்தான். அதனால் உலகம் தோன்றிய நாள் முதல் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2013ல் தில்லிப் பல்கலைக்கழகம் நாலு வருஷப் பட்டத்தைத் தொடங்கியது. ஒரே வருஷத்தில், 2014 ஜூனில், யு.ஜி.சி. உத்தரவுப்படி அதைக் கைவிட்டது. நாலு வருஷம் என்று நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் நடுவழியில் மூன்று வருஷப் பாடத்துக்கு மாற்றப்பட்டார்கள். சீர்திருத்தம் நல்லதா கெட்டதா என்று பெரியவர்கள் வாதாடலாம். அதில் செலவாவது பிள்ளைகளின் வருஷம்.

2020 ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கை நாலு வருஷப் பட்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. நாலு வருஷம் படித்தவருக்கு முதுகலை ஒரு வருஷம், மூன்று வருஷம் படித்தவருக்கு இரண்டு வருஷம். ராதாகிருஷ்ணன் குழு சொன்னதன் சாயல் இதில் தெரிகிறதல்லவா? எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தவும் இந்தக் கொள்கை சொன்னது. 2022ம் வருஷ பிஎச்.டி. விதிகள் அதை நிறைவேற்றின. முன்பே வாங்கியவர்களின் எம்.ஃபில். செல்லும். அதே விதிகளின்படி நாலு வருஷப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்குப் போகலாம். சந்திரசேகர் போன வழி திரும்பத் திறந்திருக்கிறது என்று பேத்தியிடம் சொன்னேன்.

2024 ஜூனில் யு.ஜி.சி. முதுகலைக்கான புதிய வரையறையை வெளியிட்டது. இரண்டு வருஷ முதுகலையில் சேர்ந்தவர் முதல் வருஷத்தோடு நின்றால் டிப்ளமோ பெறலாம். பட்டப்படிப்பில் எடுக்காத பாடத்திலும், அதற்கான நுழைவுத் தேர்வில் தேறினால் முதுகலை படிக்கலாம்.

ஆனால் நாடு முழுவதும் ஒரே சீராக நடக்கவில்லை. தில்லி 2022ல் நாலு வருஷ முறைக்குப் போயிற்று. அந்த முதல் அணி 2025ல் நாலாம் வருஷத்துக்குள் நுழைந்தது. கேரளம் 2024ல் நாலு வருஷத்தைத் தொடங்க, அதே 2024ல் கர்நாடகம் அதைக் கைவிட்டு மூன்று வருஷத்துக்குத் திரும்பியது. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் மூன்று வருஷப் பட்டத்தை விடவில்லை. உத்தியோக மாற்றத்தில் ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. அக்காவுக்கு ஒரு கணக்கு, தம்பிக்கு வேறு கணக்கு என்று ஆகிவிடும்.

கூட்டிப் பார்த்தால் 3+2ம் ஐந்து, 4+1ம் ஐந்து. பின் வித்தியாசம் எங்கே? பாதியில் நிற்க நேர்ந்தால்தான் அது தெரியும். மூன்று வருஷத்தோடு நின்றாலும் கையில் பட்டம் உண்டு. நாலாம் வருஷம் படித்தவருக்கு அமெரிக்கா போன்ற இடங்களில் பதினாறு வருஷக் கல்விக் கணக்குச் சரியாக வரும். ஆனால் ஆராய்ச்சி செய்ய வேண்டிய நாலாம் வருஷத்தில் வழிகாட்ட ஆசிரியரும், நல்ல நூலகமும், அறிவியலானால் சோதனைச்சாலையும் இல்லாத கல்லூரியில் இருந்தால், அந்த வருஷம் மூன்றாம் வருஷத்தின் வாலாகத்தான் இருக்கும்.

எனவே முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லிப் பேத்தியை அனுப்பினேன். நாலாம் வருஷ ஆராய்ச்சிக்கு யார் வழிகாட்டுவார்? சேர விரும்பும் பல்கலைக்கழகத்தில் அவள் பாடத்தில் ஒரு வருஷ எம்.ஏ. உண்டா, எத்தனை இடம்? மூன்று வருஷத்தோடு வெளியேறினால் இரண்டு வருஷ எம்.ஏ.வுக்கு இடம் இருக்குமா? வாய்மொழியை நம்பாமல் சுற்றறிக்கையைப் பார்க்கவும் சொன்னேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தாள். முதல் கேள்விக்கு மட்டும் உறுதியான பதில் கிடைத்ததாம். ஓர் ஆசிரியை அவளுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். "அது போதும் தாத்தா, நாலாவது வருஷம் இருக்கேன்" என்றாள். சரியோ தப்போ, கேட்டுத் தெரிந்து எடுத்த முடிவு. நம் அங்கத்தினர் வீடுகளில் இதே குழப்பத்தில் இருக்கும் பிள்ளைகளும், அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்ப்பதை விட்டு, இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். அப்பாவின் சான்றிதழ்களைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவளுடையதற்கும் அதில் இடம் இருக்கிறது.