மணத்துக்குச் சாட்சி யார்? அமெரிக்கப் படைவீரர் மனைவியர் ஓய்வூதிய வரலாறு

இறந்த படைவீரரின் மனைவிக்கு அரசு எவ்வளவு கொடுத்தது என்பதையே ஓய்வூதிய வரலாறுகள் பெரும்பாலும் பேசுகின்றன. அமெரிக்கச் சட்டங்களை வரிசையாகப் படித்தால் வேறொரு கேள்விதான் முன்னே வந்து நிற்கிறது: யார் மனைவி?

1780 ஆகஸ்டில், விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போரில் இறக்கும் அதிகாரிகளின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஏழாண்டுக் காலம் அரைச் சம்பளம் என்று காங்கிரஸ் தீர்மானித்தது. சாதாரணச் சிப்பாயின் மனைவி அந்தத் தீர்மானத்தில் இல்லை. 1836ஆம் ஆண்டுச் சட்டம் அவளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் கணவரின் படைப்பணி முடிவதற்குள் மணந்திருக்க வேண்டும் என்றது. அந்தத் தேதிக் கெடு படிப்படியாகத் தளர்ந்து, 1853இல் அடியோடு நீங்கியது. அதன் பலன் விசித்திரமானது. 1835இல், தம் இருபதுகளின் தொடக்கத்தில், ஒரு முதிய வீரரை மணந்த எஸ்தர் டேமன் 1906 வரை வாழ்ந்தார். 1783இல் முடிந்த போருக்கு இருபதாம் நூற்றாண்டிலும் ஓய்வூதியம் போய்க்கொண்டிருந்தது.

உள்நாட்டுப் போரின்போது இயற்றப்பட்ட 1862ஆம் ஆண்டுச் சட்டம் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர், உயர் அதிகாரியின் மனைவிக்கு 30 டாலர் வரை என்று வகுத்தது. துக்கத்துக்கும் பதவி வரிசை உண்டு போலும். மறுமணம் செய்தால் தொகை நின்றுவிடும்.

இந்தச் சட்டம் உண்மையில் தடுமாறியது கறுப்பின வீரர்களின் மனைவியரிடம்தான். அடிமைகளின் திருமணத்தைத் தென் மாநிலங்களின் சட்டம் ஏற்றதே இல்லை. ஆகவே காட்டுவதற்குச் சான்றிதழும் இல்லை. அவர்களுக்காக 1864இல் விதி திருத்தப்பட்டது. கணவன் மனைவியாகக் குறிப்பிட்ட காலம் சேர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பித்தால் போதும் என்றாயிற்று. 1866இல் அதுவும் இன்னும் எளிதாக்கப்பட்டது. ஆனால் மெய்ப்பிப்பது யார்? ஓய்வூதியத் துறையின் விசாரணையாளர்கள் ஊர் ஊராகப் போய், உடன் அடிமையாயிருந்தோர், அண்டை வீட்டார், சில வேளை பழைய எசமானர் ஆகியோரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். மனிதரை விற்றவரின் சொல், விற்கப்பட்டவரின் மணத்துக்குச் சாட்சியாயிற்று! அந்தக் கோப்புகள்தாம் இன்று அடிமைக் குடும்பங்களின் வரலாற்றை எழுதுவோருக்குப் பெரும் புதையல். அவமானத்தின் எச்சம் அது என்பதையும் ஆய்வாளர் மறக்கலாகாது.

1882இல் கண்காணிப்பு இன்னும் இறுகியது. மறுமணம் செய்யாமல் ஓர் ஆணோடு வெளிப்படையாக வாழ்ந்தாலே ஓய்வூதியம் ரத்து என்றது புதிய சட்டம். உதவித்தொகையோடு ஒழுக்கக் காவலும் வீட்டு வாசலுக்கு வந்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டம் மறுபுறம் கதவைத் திறந்தது: கணவர் போர்க் காயத்தால்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை, 90 நாள் பணியாற்றி நற்சான்றோடு விலகியிருந்தால், உழைத்துப் பிழைக்கும் ஏழை மனைவிக்கு 8 டாலர் உண்டு. சில ஆண்டுகளுக்குள் கூட்டாட்சி அரசின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஓய்வூதியங்களுக்கே போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்களைச் சுருங்கச் சொல்லலாம். பணி தொடர்பான இறப்புக்கு ஈடு தரும் திட்டம் 1956இலும், ஓய்வுபெற்றவரின் துணைக்கான காப்புத் திட்டம் 1972இலும் வந்தன. இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவந்தார்கள். ‘கைம்பெண் வரி’ என்று பாதிக்கப்பட்டோர் ஏசிய அந்தக் கழிவு 2023இல்தான் முழுமையாக நீங்கியது. 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஒருபாலினத் துணைவர்களுக்கும் உரிமை கிடைத்தது.

மறுமண விதி மட்டும் அறவே போய்விடவில்லை. பணி தொடர்பான இறப்புக்கான ஈட்டுத்தொகையை மறுமணத்துக்குப் பிறகும் பெறுவதற்கான வயது வரம்பு 2021இல் 57இலிருந்து 55ஆகக் குறைந்தது. 54 வயதில் மறுமணம் செய்பவர் அதை இன்றும் இழக்கிறார்.