குற்றாலத்துக் கொக்கோவும் சாக்லெட்டின் பதமும்

திருவனந்தபுரத்தினின்று நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. வாமனபுரம் ஆற்றின் தலைநீர் இங்கே உருண்டு திரண்ட கற்களினூடே ஓடுவதால், ஆறும் ஊரும் அப்பெயர் பெற்றன. மழையும் ஈரமும் எளிதில் நீங்காத இவ்வூரில், நண்பர் ஒருவர் இல்லத்தில், ஆடி மாதத்து மாலை ஒன்றில், குழந்தைகளுக்காகப் பிஸ்கோத்துகளைச் சாக்லெட்டில் தோய்த்துத் தர முற்பட்டோம். சாக்லெட்டைச் சீவிக் கிண்ணத்திலிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து மூடினோம். அது பட்டுப்போல் உருகிற்று. மூடியை எடுக்கையில் அதில் தங்கியிருந்த ஆவிநீர் நான்கைந்து துளி உள்ளே சொட்டியது. கிளறக் கிளற அத்தனையும் இறுகிச் சேற்றுமண்போல் கட்டிதட்டிப் போயிற்று. பாகு முறுகினால் நீர் தெளித்து இளக்குவது நம் வீட்டுப் பெண்டிர் கண்ட வழி; இங்கோ நீரே இறுகச் செய்துவிட்டது!

இதன் காரணத்தை அறிய, சாக்லெட்டின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாற்றின் ஓர் ஏடு, கல்லாற்றுக்கு வடகிழக்கே, மலைத்தொடருக்கு அப்பால், நம் குற்றாலத்திலேயே எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

1798-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்போயினாத் தீவிலிருந்து கொக்கோக் கன்றுகள் சிலவற்றைக் கொணர்ந்து குற்றாலத்தில் நட்டனர். இந்தியாவில் கொக்கோ காலூன்றிய முதல் இடமாக அதுவே குறிக்கப்படுகிறது. சாரலும் நிழலும் நிறைந்த அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தது பொருத்தமே. பலாவைப்போல் அடிமரத்திலேயே காய்க்கும் இம்மரம், நேர்வெயிலைத் தாங்காது. பெருமரங்களின் நிழலில்தான் செழிக்கும். ஆயினும் அம்முயற்சி வாணிபமாக வளரவில்லை.

வளர்ந்திருந்தாலும் அன்று குற்றாலத்தில் எவரும் சாக்லெட்டை உருக்கிப் பிஸ்கோத்து தோய்த்திருக்க முடியாது. ஏனெனில், இன்று நாம் உருக்கும் வகைச் சாக்லெட் அந்நாளில் உலகில் எங்குமே இல்லை. மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடியினர் கொக்கோவை அரைத்து, மிளகாய் கலந்து பருகினர்; ஐரோப்பியர் அதில் சர்க்கரை சேர்த்தனர். இரு சாராருக்கும் அது பெரும்பாலும் ஒரு பானமே. கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. பானத்தின்மேல் மிதந்த அக்கொழுப்பு அன்று ஒரு தொல்லையாகவே கருதப்பட்டது. அதனைப் பிழிந்து பிரிக்கும் முறைக்கு ஒல்லாந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828-இல் உரிமை பெற்றனர். பிரிந்த கொழுப்பைச் சர்க்கரையோடும் கொக்கோவோடும் மீண்டும் கலந்து, அச்சில் வார்த்து, கடித்துத் தின்னும் கட்டியாக 1847-இல் ஆக்கினார் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை. தொல்லையென ஒதுக்கிய கொழுப்பே பின்னர் சாக்லெட்டின் உயிராயிற்று.

இக்கொழுப்பையே கொக்கோ வெண்ணெய் என்கிறோம். சர்க்கரைத் துகளும் கொக்கோத் துகளும் அதில் உலர்ந்தபடியே மிதக்கின்றன. சில துளி நீர் பட்டதும், நனைந்த சர்க்கரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கிண்ணம் முழுவதும் கட்டியாகிறது. கல்லாற்றில் எமக்கு நேர்ந்தது இதுவே. அவ்வாறு இறுகியது தோய்க்க உதவாது. சூடான பாலை மிகுதியாகச் சேர்த்தால் குழம்பாக இளகும். அன்று குழந்தைகள் அக்குழம்பைத் தொட்டுக்கொண்டே பிஸ்கோத்துகளைத் தின்று தீர்த்தனர். ஏமாற்றம் எமக்கேயன்றி அவர்களுக்கு இல்லை.

நீர் படாமல் உருக்கினாலும் இன்னொரு இடர் உண்டு. உருகிய சாக்லெட்டை அப்படியே ஆறவிட்டால், மேலே சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து, மினுமினுப்பும் முறுமுறுப்பும் இழந்துவிடும். கொக்கோ வெண்ணெய் ஆறு வகையாகப் படிகமாகக் கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகையே நாம் விரும்பும் பளபளப்பைத் தருவது. அது உருகுவது ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில். வாயிலிட்டதும் கரைவதும், சித்திரை வெயிலில் சட்டைப்பையிலேயே கரைந்துவிடுவதும் இதனால்தான். கறுப்புச் சாக்லெட்டை 45 பாகைவரை உருக்கி, 27 பாகைக்குத் தணித்து, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு உயர்த்துவது அறிந்தோர் முறை. வீட்டில் இதற்கு எளிய வழி உண்டு. மூன்றில் இரு பங்கை உருக்கி இறக்கி, எஞ்சிய பங்கைப் பொடியாகச் சீவிச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறவேண்டும். உருகாத துகள்களின் படிகம், தயிருக்கு உறைமோர் போல், மற்றதையும் தன் வழிக்குக் கொணரும். கத்தி நுனியில் சிறிது தடவி வைத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக உறையவேண்டும். கம்பிப் பதமும் உருட்டுப் பதமும் கண்ணால் அறிந்த நம்மவர்க்கு இப்பதம் எட்டாததன்று. ஆனால் பாகு வேண்டும் தழல் இதற்கு ஆகாது.

குற்றாலத்தில் தளர்ந்த கொக்கோ, 1960-களின் இடையில் காட்பரி நிறுவனத்தின் முயற்சியால் வயநாட்டில் மீண்டும் தலையெடுத்தது. பின்னர் கேரளத்துத் தென்னந்தோப்புகளிலும் கமுகந்தோட்டங்களிலும் ஊடுபயிராகப் பரவிற்று. 1980-களின் தொடக்கத்தில் விலை வீழ்ந்தபோது, உழவர் பலர் காய்த்துக்கொண்டிருந்த மரங்களையே வெட்டினர். அந்நாளில் விதைகளை வாங்க முன்வந்த கேம்ப்கோ கூட்டுறவுச் சங்கம், 1986-இல் கர்நாடகத்துப் புத்தூரில் தன் சாக்லெட் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. 2024-இல் உலகச் சந்தையில் கொக்கோ டன் ஒன்று 10,000 டாலரையும் கடந்து விற்றது. வெட்டிய மரங்களை எண்ணி எத்தனை பேர் பெருமூச்செறிந்தனரோ!

இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் கொக்கோ காய்க்கிறது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் கடையில் கட்டி வாங்குகையில் உறையைப் படித்து வாங்குக. கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்த மலிவுவகை, மேற்கூறிய பதம் ஏதுமின்றியே உறைந்துவிடும்; கைப்பழக்கத்திற்கு அது போதும், சுவையில் ஈடாகாது. தோய்த்த பிஸ்கோத்தைத் தாள்மேல் பரப்பி, விசிறிக் காற்றில் உலர வைக்கலாம். கடலோர நகரத்தார் அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் அறையின் வெப்பம் ஏறும்வரை மூடி திறவாதிருக்க வேண்டும். திறந்தால் கல்லாற்று ஆவிநீர் அங்கும் வந்து படியும்.