தலைப்பிள்ளையும் எல்லைக்கல்லும்

பிரெஞ்சிந்திய வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் கவர்னர்கள் வருகிறார்கள், துபாஷிகள் வருகிறார்கள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வருகிறது. சேரிப் பெண்ணின் பிரசவம் அதில் வருவதில்லை. ஆனால் வில்லியனூர், பாகூர் பக்கம் இன்று யாருக்கு ‘நேஷனாலிட்டி’ இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பல குடும்பங்களில் தீர்மானித்தது ஒரு பொம்பளை எந்த ஊரில் பிள்ளை பெற்றாள் என்பதுதான். இதை நான் மனு எழுதிக் கொடுக்கிற வேலையில் கற்றுக்கொண்டேன்.

பாகூர் கொம்யூனின் வரைபடத்தைப் பாருங்கள். கடலூர் மாவட்டத்துக்குள் கிழித்துப் போட்ட துணி மாதிரி கிடக்கும். வரப்பைத் தாண்டினால் அந்தக் காலத்தில் வேறு ராஜ்யம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த வரப்பைப் பார்த்து நடக்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். பிரெஞ்சு மண்ணில் வாழ்க்கைப்பட்டவள் ஏழாம் மாசம் வளையல் அடுக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய், பிரிட்டிஷ் மண்ணில் பெற்று, மூணாம் மாசம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

1954 அக்டோபர் 18இல் வில்லியனூரை ஒட்டிய கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28இல். அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அந்த ஒப்பந்தப்படி, இந்தப் பகுதிக்குள் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்களாகிவிடுவார்கள். வேண்டாம் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தும் இந்தப் பகுதிக்கு வெளியே பிறந்தவனை அந்த ஷரத்து தொடவே இல்லை. அவன் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரனாக நீடித்தான். ஆக, தாய்வீட்டில் பிறந்த தலைப்பிள்ளை பிரெஞ்சு, பாகூரிலேயே பிறந்த இளையவன் இந்தியன். ஒரே குடிசை, ஒரே கஞ்சி. பாட்டன் கடலூர்ப் பக்கம் பிறந்தான் என்பதற்குத் துண்டுக் காகிதம் தேடி இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் அலைகிறார்கள்.

ஆறு மாதம் என்பது யாருக்குப் போதும்? ‘சொல்தா’ வீடுகளுக்குப் போதும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய்வந்த வீடுகள் அவை. காகிதத்தின் மதிப்பு தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்களுக்கு விஷயம் காதில் விழுந்தபோதே பயமும் சேர்ந்து விழுந்தது. எங்க ஆயா சொல்லும்: “கையெழுத்துப் போட்டா கப்பல்ல ஏத்திடுவாங்கன்னு பேச்சுடி. நாத்து விட்டுட்டு எவ போவா?”

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணை, சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வர வழி திறந்தது. துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’. புதுக் குடும்பப் பெயர் எடுக்கலாம். அது வாரிசுகளுக்கும் தொடரும். நம்மவர்களும் கிறிஸ்தவர்களும் இதில் பெருமளவில் போனார்கள். நாடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? பெயரைக் கேட்டதும் சாதி தெரியாமல் போனால் தெருவில் யாரை ஒதுங்கச் சொல்வது? இந்து திருமணச் சட்டம் 1963இல் புதுச்சேரிக்கு வந்தபோதுகூட ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று எழுதித்தான் வந்தது. இருந்தாலும் சொல்தா கட்டிய மாடி வீடு சேரியில்தான் நின்றது.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். 1973 சட்டம் வரும்வரை பிரெஞ்சுக்காரனைக் கட்டியவள் தாலி ஏறியதும் பிரெஞ்சுக்காரி. அதன்பிறகு அவள் தானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றானது, காத்திருப்பும் சேர்ந்தது. 2006இலிருந்து கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் கேட்கவே முடியும். அதற்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டுமே! கல்யாணத்துக்கு முன்பே தகுதிச் சான்றிதழ், அறிவிப்பு ஒட்டுதல். கல்யாணத்துக்குப் பின் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுதல். அதன்பிறகு நீண்டகால விசா. மனைவிக்கான விசாவுக்குக் கட்டணம் இல்லை, சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தின் ‘சீக்கிரம்’ வேறு, வயிற்றின் ‘சீக்கிரம்’ வேறு.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, பாகூர் பக்கம். புருஷன் சொல்தா பேரன், பாரீஸ் புறநகரில் வேலை. இவளுக்கு ஏழாம் மாசம். பிரெஞ்சு சிவில் சட்டம் 18ஆம் பிரிவுப்படி தாய் தகப்பனில் ஒருவர் பிரெஞ்சு என்றால் பிள்ளை பிரெஞ்சு. “வயித்துல இருக்கறதுக்கு நாடு இருக்குதுக்கா, சொமக்கறவளுக்குத்தான் சீட்டு வரல” என்கிறாள். பேப்பர் நிற்பது ஒரு எழுத்தில். மாமனார் பெயரில் ‘மு’வுக்குப் பழைய பிரெஞ்சுப் பதிவில் ஓவும் யூவும் சேர்த்திருக்கிறார்கள், ஆதாரில் யூ மட்டும். செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸம்மா, “பிரெஞ்சுக்காரன் பொண்டாட்டிக்குத் தர்ம ஆஸ்பத்திரி எதுக்கு?” என்றாளாம். மாமியார் தினம் கேட்கிறாள்: “ஏம்மா, தாள் வந்துச்சா?” அவள் கடலூர்ப் பக்கம் பிறந்தவள் என்பதால் இங்கே அட்டவணை சாதிச் சான்றிதழிலும் ‘குடிபெயர்ந்தவள்’. 1964 ஆணையைக் காட்டி அப்படிப் பிரிக்கிறார்கள். ஒரே வரப்பு, இரண்டு தடவை குறுக்கே.

எல்லைக் காவல் பொம்பளை உடம்பில்தான் நடக்கிறது என்பதற்கு நம் ஊர் மட்டும் சாட்சியில்லை. 1913இல் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி சீர்லின் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்றது. தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். கல்யாணம் கட்ட லண்டன் போன இந்தியப் பெண்ணை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னியா என்று சோதித்த கதை 1979இல் வெளியானது. பிரான்ஸ் 2007இல், விசா கேட்கும் பிள்ளைக்கு இவள்தான் தாயா என்று டி.என்.ஏ. பார்க்கச் சட்டம் போட்டது. கூச்சல் கிளம்பி, 2009இல் அமைச்சர் அதற்கான ஆணையில் கையெழுத்திட மறுத்தார், சோதனை நடக்கவில்லை.

36 வாரம் தாண்டினால் விமானக் கம்பெனிகள் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. அவளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் விசா வராவிட்டால் பிரசவம் இங்கேதான். பிறகு பிள்ளைக்குத் தனியாகப் பதிவு, தனியாக பாஸ்போர்ட், தாயின் பேப்பருக்குப் பின்னால் இன்னொரு பேப்பர். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக அவள் அம்மா இரண்டு தடவை வந்துவிட்டாள். புதுச்சேரிச் சான்றிதழா, கடலூர்ச் சான்றிதழா, எதில் எழுத்துப்பிழை குறைவாக வரும் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.